முடங்கியவரைத் தனியே விடாதீர்கள்!

(தரங்கம்பாடியில் விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் பேசிய பேச்சின் சுருக்கம்)



நாற்று நட்டு இடுப்பு விழுந்தவர், மில் இரைச்சலில் காது போனவர், கண் மங்கியவர் என்று தெருவுக்கு நாலு பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சற்று மூலையில் கிடந்தால், “வயசாச்சு, தலைவிதி” என்கிறோம். இது விதியா?

தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை, “இருந்தென்ன பயன்” என்ற பேச்சு. இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தால் அது மனச்சோர்வு என்னும் நோய். அதற்கு வைத்தியம் உண்டு. கால் முடங்கியதோடு, வயலில் பத்துப் பேரோடு நின்றவரை இன்று ஒருவரும் தேடி வராததும் சேர்ந்துதான் நோயை முற்றவைக்கிறது.

2004 டிசம்பர் 26-ல் இந்தக் கரையில் கடல் ஏறியபோது, ஓட முடியாதவருக்குப் பக்கத்து வீட்டுக்காரரின் கைதான் உயிர். அந்தக் கை தினமும் வேண்டியிருக்கிறது.

சர்க்காரின் கடமை என்ன? தமிழ்நாட்டில் முதியோர் பென்ஷன் 1962-ல் வந்தது. 2023-ல் மாநில சர்க்கார் முதியோருக்கு ரூ.1,200, மாற்றுத்திறனாளிகளுக்கு ரூ.1,500 ஆக்கியது. மத்திய சர்க்காரோ, 80 வயதுக்குக் கீழ்ப்பட்ட முதியோருக்குத் தன் பங்காக வைத்த ரூ.200-ஐ, 15 வருஷம் கழிந்தும் ஏற்றவில்லை. அரிசி, மருந்து விலை அப்படி நின்றதா?

2016-ம் வருஷச் சட்டம் 21 வகை ஊனங்களை ஏற்றுக்கொண்டது. நல்லது. ஆனால் மாவட்ட ஆபீசுக்கு மயிலாடுதுறை போகவேண்டும். அங்கே போன ரயில் 1986-ல் நின்றது. கால் இல்லாதவர் பஸ் படியில் எப்படி ஏறுவார்? ஆபீஸ் அவரைத் தேடி வரட்டும் என்று கேட்போம். 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கு வரும்போது, அட்டையும் பென்ஷனும் ஏன் வரக்கூடாது?

நாம் செய்யவேண்டியதும் உண்டு. தெருவாரியாக இவர்களின் பெயரை எழுதுங்கள். வாரம் இருமுறை இருவர் போய் உட்கார்ந்து பேசுங்கள். இரக்கம் மட்டும் போதாது. சங்கக் கூட்டத்துக்குத் தூக்கி வாருங்கள், யோசனை கேளுங்கள், கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். “செத்தால் தேவலை” என்று சொல்பவரைத் தனியே விடாதீர்கள். டாக்டரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற இலவச டெலிபோனிலும் ஆலோசனை கிடைக்கும்.

சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் முடிவு கட்ட 1944-ல் மன்னார்குடியில் ஒப்பந்தம் கண்டது, கூடி நின்ற பலம். அந்தப் பலம், நமக்காக உழைத்து ஓய்ந்தவரின் திண்ணைக்கும் போகட்டும்!