காருக்கு ஏற்ற எண்ணெய் வடிகட்டி



குடிநீரைத் துணியால் வடித்துப் பருகுவது நம் வீடுகளில் நெடுங்கால வழக்கம். துணி கிழிந்திருந்தால் வடித்தும் பயனில்லை. அழுக்கு அடைத்திருந்தால் நீர் இறங்காது. மோட்டார் வண்டியின் எண்ணெய் வடிகட்டிக்கும் நேரக்கூடிய குறைகள் இவையே. கராஜிலே 'ஒயில் பில்ற்றர்' என்று கேட்டு வாங்குகிறோமே, அச்சிறு கலனைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

வாடகைக் கார் ஓட்டும் நண்பர் ஒருவர், மலிவு என்ற ஒரே காரணத்தால், புதிய வடிகட்டி ஒன்றை வாங்கித் தம் வண்டியிற் பூட்டினார். பார்வைக்கு அது பழையதைப் போலவே இருந்தது. மூன்றாம் நாள் மாங்குளத்துக்கு அருகே அது கழன்று, எண்ணெய் முழுவதும் வீதியிற் கொட்டியது. சிவப்பு விளக்கு எரிவதைக் கண்டும், 'இன்னும் சிறிது தூரந்தானே' என்று ஓட்டினார். எஞ்சின் இறுகி நின்றது. அவர் மிச்சம் பிடித்தது சில நூறு ரூபாய். இழந்ததோ பல மாத வருவாய்.

நேர்ந்தது யாது? சில வண்டிகளில் வடிகட்டி ஏறும் தண்டின் மரை முக்கால் அங்குலம். வேறு சிலவற்றில் 20 மில்லிமீற்றர். முக்கால் அங்குலம் என்பது 19 மில்லிமீற்றருக்குச் சற்றே அதிகம். ஆகவே பெரிய மரையுள்ள வடிகட்டி சிறிய தண்டிலும் ஏறிவிடும், இறுகியதுபோலத் தோன்றும், பின்னர் அதிர்விலும் அழுத்தத்திலும் கழன்றுவிடும். எனவே முதல் விதி இது: உருவத்தைப் பார்த்து வாங்காதீர்கள், உங்கள் எஞ்சினுக்குரிய இலக்கத்தைச் சொல்லி வாங்குங்கள்.

இனி, வடிகட்டியின் தொழிலைப் பார்ப்போம். எஞ்சினுள் ஓடும் எண்ணெய் உலோகத் தூளையும் கரியையும் புழுதியையும் சுமந்து செல்கிறது. தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்கிரோன். கண்ணுக்குத் தெரியாத 10, 20 மைக்கிரோன் துகள்களே பெயாரிங்குகளை அராவித் தேய்ப்பவை. இவற்றைத் தடுக்கவே 1923 ஆம் ஆண்டில் அமெரிக்கரான ஏர்ணஸ்ற் சுவீற்லன்ட், ஜோர்ஜ் கிறீன்ஹால்ஜ் என்னும் இருவர் மோட்டார் வண்டிக்கென ஓர் எண்ணெய் வடிகட்டியை அமைத்தனர்.

வடிகட்டியின் உள்ளே கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, மடித்து வைத்த வடிதாள். மரநாரால் ஆனதும் உண்டு. செயற்கை இழையால் ஆனதும் உண்டு. குறித்த தூரத்தில் ஒழுங்காக எண்ணெய் மாற்றுவோருக்கு நல்ல மரநார்த் தாளே போதும். செயற்கை எண்ணெய் ஊற்றி நெடுந்தூரம் ஓடுவோர் செயற்கை இழையை நாடலாம். பெட்டியில் '99 வீதம்' என்று அச்சிட்டிருந்தால், எத்தனை மைக்கிரோன் துகளில் என்று கேளுங்கள். 20 மைக்கிரோனில் 99 வீதம் வேறு. 40 மைக்கிரோனில் 99 வீதம் வேறு.

இரண்டாவது, மாற்றுவழி வால்வு. தாள் அடைத்துக்கொண்டால் இது திறந்து, வடிக்காத எண்ணெயையே எஞ்சினுக்கு விடும். எண்ணெயே இல்லாதிருப்பதிலும் அழுக்கெண்ணெய் மேலன்றோ? ஆனால் இது திறந்திருப்பதைப் பொதுவாக எந்த விளக்கும் அறிவிப்பதில்லை. காலங்கடந்த வடிகட்டியோடு ஓடுபவர், வடிகட்டி இல்லாமலே ஓடுகிறார். அதை அவர் அறியார். வால்வு திறக்கும் அழுத்தமும் எஞ்சினுக்கு எஞ்சின் வேறுபடும். உரிய இலக்கத்தையே வாங்குமாறு சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது, எஞ்சின் நின்றபின் எண்ணெய் திரும்பி வடியாமல் தடுக்கும் இறப்பர் வால்வு. இது விறைத்துவிட்டால், காலையில் எஞ்சின் முதற் சில விநாடிகள் எண்ணெயின்றிக் கடகடக்கும். சாதாரண இறப்பரைவிடச் சிலிக்கோன் இறப்பர் வெப்பத்தை நன்கு தாங்கும். விலையில் உள்ள சிறு வேறுபாட்டுக்கு இது தகும்.

நல்ல பெயர்களைப் போலி செய்து விற்போரும் உளர். ஆதலால் நம்பிக்கையான கடையில் வாங்குங்கள். மரை சுத்தமாக இருக்கிறதா, உள்ளே உலோகச் சீவல் கிடக்கிறதா, இறப்பர் வளையம் சரியாகப் பதிந்திருக்கிறதா என்று வெளிச்சத்திற் பாருங்கள்.

பூட்டும்போது, பழைய வளையம் எஞ்சினில் ஒட்டிக்கிடக்கிறதா என்று முதலிற் பாருங்கள். இரண்டு வளையங்கள் சேர்ந்தால் எண்ணெய் பீறிடும். புதிய வளையத்திற் சிறிது எண்ணெய் தடவுங்கள். வளையம் தொட்டபின் கையால் முக்காற் சுற்று, அல்லது பெட்டியிற் சொன்ன அளவு, இறுக்கினால் போதும். பின்னர் எஞ்சினை ஓடவிட்டுக் கசிவைப் பாருங்கள். நிறுத்திச் சற்றுப் பொறுத்து எண்ணெய் மட்டத்தைப் பாருங்கள். மொறிஸ் மைனர் போன்ற பழைய வண்டிகளிலும், இக்காலத்துப் புதிய வண்டிகள் பலவற்றிலும், உறை நிலையாக இருக்க உள்ளே உள்ள வடியை மட்டும் மாற்றுவர். அவற்றில் இறப்பர் வளையங்களையும் கூடவே மாற்றுதல் வேண்டும்.

நேயர்களே, 2020 மார்ச்சில் நம் நாட்டுக்கு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது, இருக்கும் வண்டியைப் பேணுவதன் அருமையை நாம் அனைவரும் கற்றோம். 2025 இல் இறக்குமதி மீண்டும் தொடங்கிய பின்னரும் அப்பாடம் பழசாகிவிடவில்லை. அடுத்த முறை எண்ணெய் மாற்றும்போது, 'எது மலிவு?' என்று கேட்குமுன், 'எது என் எஞ்சினுக்கு உரியது?' என்று கேளுங்கள்.