அம்மிக்கல்லுக்கு வந்த வாழ்வு

(ஓசூரில் இளம் தோழர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



பழைய வீட்டுச் சாமான்களுக்கு இப்போது நல்ல காலம். இங்கிருந்து பெங்களூரு போகும் சாலையில் புதிதாகத் திறக்கும் உணவகங்களைப் பாருங்கள். வாசலில் ஆட்டுக்கல், உள்ளே பித்தளை அண்டா, அதில் மிதக்கும் பூ. கைப்பேசியைத் திறந்தால் கைத்தறிச் சேலை கட்டிய ஒரு பெண் அம்மியில் சட்னி அரைக்கிறார், பின்னணியில் புல்லாங்குழல். 'பாட்டி காலத்து வாழ்க்கை' என்று தலைப்பு. உங்களில் சிலர் லைக் போட்டிருப்பீர்கள். போடுங்கள், அம்மிச் சட்னி ருசிதான், எனக்கு அதோடு சண்டை இல்லை.

யாருடைய பாட்டி என்று மட்டும் கேட்கிறேன்.

1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். தங்கம், வெள்ளி நகை போடக் கூடாது. சட்டை கூடாது. குடை, செருப்பு கூடாது. பெண்கள் பூ வைக்கக் கூடாது. அந்தப் பட்டியலில் இன்னொன்று: வீட்டில் மண் பாத்திரம் தவிர வேறு எதுவும் புழங்கக் கூடாது. பணியாதவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, கால்நடைகள் கொள்ளை போயின. 1931-இல் தடைகள் பதினொன்றாயின. தண்ணீரை மண்குடத்தில்தான் எடுக்க வேண்டும், செம்பு, பித்தளைக் குடம் ஆகாது என்றார்கள். அன்றைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையர் ஜே.எச். ஹட்டன் தன் நூலில் இதையெல்லாம் பதிவு செய்திருக்கிறார்.

இன்று மண்சட்டி 'ஆரோக்கியம்', பித்தளை 'பாரம்பரியம்'. பித்தளைக் குடம் வைத்திருந்ததற்காக யாரும் அடிபடாத வீட்டிலிருந்து வருபவருக்கு இரண்டும் அழகுப் பொருள். நம் அம்மாக்கள் சீட்டுக் கட்டி எவர்சில்வர் குடம் வாங்கி, அதில் தங்கள் பெயரை வெட்டி வைத்துக்கொண்டார்களே, அந்த ஆசையை ரசனை தெரியாதது என்று நினைத்துவிடாதீர்கள். (திண்ணை வைத்து வீடு கட்டுவதும் திரும்பி வந்திருக்கிறது. அந்தத் திண்ணையில் யார் உட்கார்ந்தார்கள், யார் தெருவிலேயே நின்று பேசினார்கள் என்பதை எந்த வரைபடமும் காட்டாது.)

அடுத்து, அரைத்த கை. 2011-இல் தமிழ்நாடு அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தபோது 'இலவசம்' என்று ஏளனம் செய்தவர்கள் உண்டு. ஏளனம் செய்தவர்களில் எத்தனை பேர் மாவாட்டியிருப்பார்கள்? எங்கள் வீட்டில் அந்த கிரைண்டர் வந்த பிறகுதான் என் அம்மா ஞாயிற்றுக்கிழமை மதியம் தூங்கினார். இன்று நம் மாவட்டத்தில் விடியற்காலை கம்பெனிப் பேருந்துக்கு நிற்கும் பெண்களைப் பாருங்கள். கழுத்தில் அடையாள அட்டை, மாதம் பிறந்தால் தன் பெயரில் சம்பளம். அந்த வேலையிலும் சுரண்டல் இருக்கிறது, அதற்குச் சங்கம் வேண்டும். அம்மிக்குத் திரும்புவது அதற்கு மருந்தாகாது.

கைவினைக்கு வருவோம். ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, முதலமைச்சராக இருந்த 1953-இல், கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பாட நேரத்தை மூன்று மணி நேரமாகக் குறைத்தார். மீதி நேரத்தில் பிள்ளை அப்பனின் தொழிலைக் கற்க வேண்டுமாம். பெரியார் அதைக் குலக்கல்வி என்று சொல்லிப் போராடினார். 1954-இல் ராஜாஜி பதவி விலகினார்; காமராசர் வந்ததும் திட்டம் கைவிடப்பட்டது.

2023-இல் ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டத்தைக் கொண்டுவந்தது. 18 தொழில்கள், குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை, 18 வயதிலேயே சேரலாம். கல்லூரிக்குப் போக வேண்டிய வயது அது. தமிழ்நாடு மறுத்துவிட்டு, 2025-இல் யார் வேண்டுமானாலும் சேரக்கூடிய கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. அதில் தொழில்கள் 25, குறைந்தபட்ச வயது 35. இந்த இரண்டு திட்டங்களுக்கும் உள்ள தூரம்தான் நமக்கு முக்கியம்.

பெங்களூரில் வாரக் கடைசியில் பணம் கட்டி மண் பிசைகிறவர் 'கலைஞர்'. குயவர் வீட்டுப் பிள்ளை அதையே செய்தால் 'குலத்தொழில்'. அவர் பிசைவதை நான் குறை சொல்லவில்லை. சக்கரம் யார் கைக்கும் போகட்டும், அந்தப் பிள்ளை கம்ப்யூட்டர் படிக்கப் போகட்டும்.

அம்மி வாங்க ஆசையா, வாங்குங்கள். கொத்தியவரிடம் பேரம் பேசாதீர்கள். முதல் ஆறு மாதம் வீட்டு ஆண்களே அரைக்கட்டும். பித்தளை அண்டாவைப் புளி போட்டுத் தேய்ப்பதும் அவர்கள் பொறுப்பு. அதை வீடியோ எடுத்துப் போடுங்கள், புல்லாங்குழல் இல்லாமலேயே நான் பார்க்கிறேன்.