குடத்தடியில் சேறு

தெற்கு நோக்கி வரும் காவிரி கிழக்கே திரும்புகிற ஊர் கொடுமுடி. ஆடியில் புதுத்தண்ணீர் வந்துவிட்டால் மகுடேசுவரர் கோயில் படித்துறையில் ஆறு செக்கச்செவேல் என்று போகும். அதில் ஒரு குடம் மொண்டு வைத்துப் பாருங்கள். மணல் உடனே அடியில் தங்கிவிடும். களி மட்டும் மறுநாளும் இறங்காமல் மிதக்கும்.

களித்துகளின் அளவு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதற்கும் கீழே உண்டு. அவ்வளவு பொடிசை நீர் மூலக்கூறுகள் நாலாபக்கமும் இடித்துக்கொண்டே இருக்கும். இந்த ஓயாத ஆட்டத்தை ராபர்ட் பிரவுன் 1827இல் நுண்ணோக்கியில் கண்டார். போதாததற்குத் துகள்கள் எல்லாவற்றின் மேலும் எதிர் மின்னூட்டம். ஒன்றை ஒன்று அண்டவிடாது. கூழ்மம் என்று பாடப்புத்தகத்தில் படித்தது இதைத்தான்.

இந்தக் கலங்கலைத் தெளியவைக்க நம்மவர்கள் கண்ட வழி தேத்தாங்கொட்டை. மண்பானையின் உள்பக்கத்தில் கொட்டையை நாலு இழைப்பு இழைத்துவிட்டுத் தண்ணீரை ஊற்றுவார்கள். கொட்டையிலிருந்து கரைந்து வரும் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள் இந்தத் துகளையும் அந்தத் துகளையும் சேர்த்துப் பிடிக்கும். களி பஞ்சுபஞ்சாகத் திரண்டு, கனத்து, கீழே போய்விடும். கலித்தொகையிலேயே இந்த வித்தை உவமையாக வருகிறது என்றால் எத்தனை பழசு பாருங்கள்! அதிகம் இழைத்தாலும் ஆகாது. ஒவ்வொரு துகளும் சங்கிலியால் முழுக்கப் போர்த்திக்கொண்டால், பக்கத்துத் துகளைப் பிடிக்க இடமிருக்காது. கலங்கல் அப்படியே நிற்கும்.

படிகாரத்தின் வழி வேறு. அதிலுள்ள அலுமினியம் நேர் மின்னூட்டம் கொண்டது. துகள்களின் விலக்கத்தை அது அடக்கிவிடும். காவிரி பூம்புகாரில் கடலைத் தொடும்போது கடல்நீரின் உப்பே இந்த வேலையைச் செய்துவிடுகிறது.

ஆனால் விலக்கம் எப்போதும் தொல்லைதான் என்று நினைக்க வேண்டாம். துகள்கள் ஒரே அளவு உருண்டைகளாக இருந்து, அந்த விலக்கமும் இருந்து, மெல்ல மெல்லப் படிந்தால், தாமாகவே வரிசை பிசகாமல் அடுக்கிக்கொள்ளும். ஓபல் கல் அப்படி உண்டானதுதான். சி.வி. ராமனும் அதன் நிறஜாலத்தை ஆராய்ந்தவர். 1964இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது உள்ளே சிலிக்கா உருண்டைகள் சீராக அடுக்கியிருந்தன. அதில் சாயம் ஏதும் இல்லை. அடுக்குகளின் இடைவெளி ஒளியின் அலைநீளத்தோடு ஒத்துப்போவதால் வரும் நிறம் அது. இதே அடுக்கத்தை இன்று ஆய்வுக்கூடங்களிலும் வரவழைக்கிறார்கள்.

காவிரிக் களியிடம் அதை எதிர்பார்க்க முடியாது. அதன் துகள்கள் தட்டைச் சில்லுகள். ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. குடத்தடியில் சேறாகத்தான் உட்காரும். மேலே நிற்கும் தெளிந்த தண்ணீரிலும் கிருமி உண்டு, கொதிக்கவைத்தே குடியுங்கள்.