வானிலிருந்து வந்த துணை



காட்டுப் போரில் காலாட்படையினர் ஆற்றிய பணியையும் ஹெலிகாப்டர் விமானிகள் ஆற்றிய பணியையும் நாம் தனித்தனியே பேசுவது வழக்கம். ஆனால், ஒருவரை நம்பியே மற்றவர் உயிர் வாழ்ந்தனர் என்பதை நாம் மறத்தலாகாது.

மலாயாவில் 1948 முதல் 1960 வரை அவசரகாலம் நிலவியது. அதன் தொடக்கத்தில், காட்டினுள் ஒரு வீரர் குண்டடிபட்டால் தோழர்களே அவரைச் சுமந்து வந்தனர். ஆறும் மேடும் கடந்து சாலையை அடையச் சில வேளைகளில் நாட்கள் ஆயின. 1950-இல் பிரிட்டிஷ் ஆகாயப்படை, காயமுற்றோரை ஏற்றிவரவென்றே டிராகன்ஃபிளை ஹெலிகாப்டர் பிரிவொன்றைச் சிங்கப்பூரில் அமைத்தது. 1953 ஜனவரியில் பிரிட்டிஷ் கடற்படையின் 848-ஆவது பிரிவு, அவற்றினும் பெரிய பத்து ஹெலிகாப்டர்களுடன் வந்து சேர்ந்தது.

ஹெலிகாப்டர் இருந்தால் மட்டும் போதுமா? அடர்ந்த காட்டில் அது இறங்க இடம் வேண்டும். அவ்விடத்தைக் கோடரியாலும் பாராங்காலும் வெட்டித் திருத்தியவர்கள் காலாட்படையினரே. மரம் சாய்ப்பது எத்துணைக் கடினம் என்பதைத் தோட்டத்தில் வாழும் நமக்கு எவரும் சொல்லத் தேவையில்லை. அவர்களோ களைத்த உடலோடு, எதிரி அருகில் இருக்கக்கூடும் என்ற அச்சத்தின் நடுவே அதனைச் செய்தனர். ஒரு மரம் தவறுதலாக நின்றுவிட்டாலும் சுழலும் இறக்கை அதில் மோதக்கூடும். வெப்பக் காற்றில் இயந்திரத்தின் தூக்கும் வலுவும் குறையும். கீழே உள்ளவரின் வேலையை நம்பி விமானி இறங்கினார். விமானி வருவார் என்று நம்பி வீரர் மரத்தை வெட்டினார்.

அவசரகாலத்திற்குப் பின்னரும் அவ்வுறவு தொடர்ந்தது. 1968-இல் மலேசிய ஆகாயப்படையில் நூரி ஹெலிகாப்டர்கள் சேர்ந்தன. நூரி என்பது கிளியினத்தைச் சேர்ந்த ஒரு பறவையின் பெயர். 1989 டிசம்பர் 2-ஆம் நாள் ஹாட்யாயில் சமாதான உடன்பாடு கையெழுத்தாகும்வரை, வட எல்லைக் காடுகளில் இருந்த வீரர்களுக்கு அவை உணவும் வெடிமருந்தும் கொண்டு சென்றன; கண்ணிவெடியில் காலிழந்தோரை ஏற்றி வந்தன. இறங்கும்பொழுது பணியாளர் ஒருவர் கதவருகே குனிந்து, வால்பகுதி மரத்தில் படாதவாறு விமானிக்கு வழி சொல்வார். வானொலியில் கேட்ட குரலையும், மரங்களுக்கு மேல் எழும் புகையையும் தவிர, கீழே இருப்பவர் யாரென அவர்கள் பல வேளைகளில் அறியார். இனம் எது, சமயம் எது என்று கேட்டு எவரையும் ஏற்றவில்லை.

நூரி ஹெலிகாப்டர்கள் 2020-இல் ஓய்வு பெற்றன. அவற்றில் பறந்தவர்களும், அவற்றுக்காக மரம் வெட்டியவர்களும் முதுமை எய்தி வருகின்றனர். அத்தகையோர் நம் அண்டையில் இருப்பின், அவர்கள் சொல்லக் கேட்போம். நம் பிள்ளைகளையும் அருகில் அமர்த்திக் கேட்கச் செய்வோம்.