வண்டிக்கு இடம் உண்டா?



வீடு வாங்கப் புறப்படுவோர் நம்மவரிடையே எவற்றை விசாரிப்பர் என்பது யாவரும் அறிந்ததே. உறுதியிலே வில்லங்கம் உண்டோ, கிணற்று நீர் நன்னீரோ உவர் நீரோ, தலைவாயில் எத்திசையை நோக்கியது, அயலவர் எத்தகையோர், மாரியிலே முற்றத்தில் வெள்ளம் நிற்குமோ என்றெல்லாம் கேட்டறிவர். இவை யாவும் கேட்கத் தக்கனவே. ஆயின், கராஜ் என்று நாம் வழங்கும் மோட்டார் வண்டிக் கொட்டகையைக் கண்டவுடன், "ஓ, கராஜும் இருக்கிறது" என்ற ஒரு சொல்லோடு அப்பாற் சென்றுவிடுவர். அதனுள்ளே புகுந்து அளவுநாடா பிடிப்பவர் அரியர். நானும் என் தமையனாரும் அவ்வாறு அளவாது விட்டவர்களே. ஆதலால் நான் இன்று கூறப்போவதை உபதேசமாகக் கொள்ளாது, பட்டவன் சொல்லும் செய்தியாகவே கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணத்துப் பழைய வளவுகளில் வண்டிற் கொட்டில் ஒன்று இருந்தது. அதற்குச் சுவர் இல்லை. நாற்புறமும் கால்கள் நட்டு, மேலே கிடுகோ பனையோலையோ வேய்ந்திருப்பர். வண்டி பெரிதானால் காலைப் பிடுங்கி ஓரடி தள்ளி நட்டுவிடலாம். ஒரு பகல் வேலை. மோட்டார் வண்டி வந்தபோதுதான் கொட்டிலுக்குச் சுவரும் கதவும் வந்தன. சுவர் வந்த அன்றே இட நெருக்கடியும் வந்தது என்று சொல்லலாம்.

அந்தச் சுவர்களை எழுப்பியோர் தம் காலத்து வண்டிகளையே மனத்திற் கொண்டு எழுப்பினர். 1948 ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே வெளிவந்த மொறிஸ் மைனர் வண்டியை அறியாதார் நம் நாட்டில் இலர். அதன் நீளம் 12 அடி 4 அங்குலம். அகலம் 5 அடி 1 அங்குலம். இந்த அகலம் கூட முதலில் அமைந்ததன்று. அதனை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், மாதிரி வண்டி மிக ஒடுக்கமாயிருப்பதாகக் கண்டு, அதனை நெடுக்கே இரண்டாக அறுத்து, 4 அங்குலம் விலக்கிப் பார்த்து, அவ்வளவை நடுவே சேர்த்தார். மூடியின் நடுவிலே தோன்றும் பட்டை அதன் அடையாளமே. வண்டியை அறுத்துப் பெருப்பிக்க அவரால் முடிந்தது. கொட்டகையை அறுத்துப் பெருப்பிக்க நம்மால் முடிவதில்லை.

என் தமையனார் ஓய்வு பெற்ற பின்னர், தம் பணிக்கொடையையும் நெடுநாட் சேமிப்பையும் ஒன்றாக்கி, வெள்ளவத்தைப் பக்கத்தில் ஓர் ஒழுங்கைக்குள் பழைய மாடி வீடொன்றை வாங்கினார். நொத்தாரிசு உறுதியை ஆராய்ந்தார். நான் சுவர்களைத் தட்டிப் பார்த்தேன். அண்ணியார் அடுக்களையைப் பார்த்து மகிழ்ந்தார். வீட்டின் முன் வாசலுக்கு ஐந்து படிகள். கொட்டகைக்குள் இருந்தோ படியில்லாமலே கூடத்துக்குச் செல்லும் சிறு கதவொன்று இருந்தது. இடுப்பெலும்பு முறிந்து சக்கர நாற்காலியில் இருந்த அண்ணியாருக்கு அந்தக் கதவு பெரு வசதியென்று எண்ணியே அவ்வீட்டைத் தெரிந்தோம்.

குடிபுகுந்த பின்பே அளந்தோம். கொட்டகையின் உள்ளகலம் 7 அடி 6 அங்குலம். தமையனாரின் வண்டி சாதாரண யப்பானிய வண்டி. அகலம் 5 அடி 7 அங்குலம். எஞ்சியது 23 அங்குலம். வண்டியை இடச்சுவரோடு ஒட்டி நிறுத்தினால் ஓட்டுநர் ஒருவாறு நெளிந்து இறங்கலாம். வலச்சுவரோடு ஒட்டினால் இடப்பக்கத்தில் இருப்பவர் இறங்கலாம். ஓட்டுநர் உள்ளேயே இருத்தல் வேண்டும். சக்கர நாற்காலியோ 2 அடிக்கு மேல் அகலமுடையது. எப்படி நிறுத்தினாலும் அது வண்டியின் அருகே நுழையாது. ஆகவே வண்டியை ஒழுங்கையிலேயே நிறுத்தி, அண்ணியாரை இறக்கி, வெறுங் கொட்டகையினூடாக உருட்டிச் சென்றபின் வண்டியை உள்ளே விடுதலே வழக்கமாயிற்று. மாரிகால மாலையொன்றில் நான் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் இரு முச்சக்கர வண்டிகள் வழிகேட்டு ஒலியெழுப்பின. நனைந்த சேலையோடு அண்ணியார், "சொந்த வீட்டுக்கு வாற மாதிரி இல்லை, வேறை ஆரோ வீட்டுக்கு வந்து இறங்கிற மாதிரிக் கிடக்கு" என்றார். தமையனார் மறுமொழி கூறவில்லை.

மறுநாள் மேசனை அழைத்தோம். ஒரு பக்கத்துச் சுவர் அயலவரோடு பொதுவான எல்லைமதில். மறுபக்கத்துத் தூண் மேல்மாடி அறையின் வளையைத் தாங்குவது. இரண்டையும் தொட இயலாது என்று அவர் கூறிவிட்டார். வாங்குமுன் அவரை அழைத்திருந்தால் இதே சொல்லைக் கேட்டு வேறு வீடு பார்த்திருக்கலாம்.

அந்த அனுபவத்தின் பின் நான் என் பாடசாலை மண்டபத்தின் தரையிலே வெண்கட்டியால் கொட்டகையின் வடிவத்தை உண்மை அளவில் வரைந்து, எட்டாம் வகுப்பினருக்குக் கணக்காகக் கொடுத்தேன். அவர்கள் வண்டியின் நீள அகலங்களைக் கழித்து விரைவிலே விடை கண்டனர். ஒரு மாணவி மாத்திரம், "சேர், கதவு திறக்கிற இடத்தையும் கழிக்க வேண்டாமா?" என்று கேட்டாள். அவள் கேட்டதே முதன்மையான கேள்வி. ஒருவர் இறங்குதற்கு ஏறக்குறைய 2 அடி வேண்டும்; முதியோர்க்கு 3 அடி இருத்தல் நன்று.

அளப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. உள்ளகலத்தை அளந்து மனநிறைவு கொள்ளலாகாது. வாயிலின் அகலம் அதனினும் குறைந்தது. தண்டவாளத்தில் ஓடும் சுருட்கதவு பொருத்தியிருந்தால் இன்னும் சில அங்குலங்கள் போய்விடும். அக்கதவு சுருண்டு தொங்கும் உருளை மேலே ஓரடி அளவைப் பிடித்துக்கொள்ளும். ஆதலால் உயரத்தையும் அவ்விடத்திலேயே அளத்தல் வேண்டும். வண்டி விற்போர் தரும் அகலம் பக்கக் கண்ணாடிகளை நீக்கியது என்பதும் நினைவிலிருக்கட்டும். வடிகாலின் மேல் இட்ட சீமெந்துப் பலகை திடீரென ஏறினால் வண்டியின் அடிவயிறு உரசும். ஒழுங்கை ஒடுக்கமானால், கொட்டகை எத்துணை விசாலமாயினும், வண்டி திரும்பாது.

எந்த வண்டிக்கு அளப்பது என்பது அடுத்த சிக்கல். இன்று நம் வீதிகளில் மிகுதியாகக் காணும் வகன் ஆர் போன்ற சிறு வண்டிகள், யப்பானியச் சட்டம் வகுத்த 3.4 மீற்றர் நீளத்துக்கும் 1.48 மீற்றர் அகலத்துக்கும் உட்பட்டவை. அவை மொறிஸ் மைனரிலும் ஒடுங்கியவை என்றால் வியப்பாயிருக்கும். பிறாடோ போன்ற வண்டியோ 6 அடி 2 அங்குல அகலமுடையது. 8 அடிக் கொட்டகையில் நடுவே நிறுத்தினால் பக்கத்துக்கு 11 அங்குலமே எஞ்சும். 2020 ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்ட தனியார் மோட்டார் வண்டி இறக்குமதி 2025 ஆம் ஆண்டில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. பழைய வண்டியோடு வீடு பார்ப்பவர் நாளை வேறு வண்டி வாங்கக்கூடும். வீடு மாறாது. யப்பானியர் இதனைத் தலைகீழாக நோக்கினர்: 1962 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் வழி, வண்டியை நிறுத்த இடமுண்டு என்று பொலிசாருக்குக் காட்டுதல் அங்கே வேண்டப்படுகிறது. அவ்விடமும் இருப்பிடத்திலிருந்து இரண்டு கிலோமீற்றருக்குள் இருத்தல் வேண்டும். நம் நாட்டிலே வண்டி முதலில் வருகிறது. இடம் பின்னர் தேடப்படுகிறது.

இன்னுமொன்று. கொட்டகைக்கும் படுக்கையறைக்கும் இடையே கதவோ பலகணியோ இருந்தால் அதனைக் கவனியுங்கள். இயந்திரம் வெளிவிடும் காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் அற்ற நச்சுவாயு. இக்காலக் கலப்பின வண்டிகள் ஒலியின்றி நிற்பதால், நிறுத்திவிட்டோம் என்றெண்ணி இறங்கிப் போவோர் உளர். பற்றறி குறைந்ததும் இயந்திரம் தானே இயங்கத் தொடங்கும். காற்று வெளியேற வழியில்லாத கொட்டகை உயிருக்கே இடையூறாகும். மின்சார வண்டிக்கு இந்த அச்சம் இல்லை. அதற்கு வேண்டியது தனி மின்கம்பித் தொடர்பு. பழைய வீட்டின் கம்பிகள் அதனைத் தாங்குமோ என்று மின்வினைஞர் ஒருவரைக் கொண்டு பார்த்தல் தகும்.

தமையனாரின் கொட்டகையில் இன்று அரிசி மூட்டைகளும் ஒரு துவிச்சக்கர வண்டியும் இருக்கின்றன. அண்ணியாரின் நாற்காலி அவற்றின் அருகாகவே சென்று வருகிறது. மோட்டார் வண்டி அடுத்த தெருவில் மாத வாடகைக்கு எடுத்த வளவொன்றிலே நிற்கிறது.

பின்னர் என் மகளுக்கு வீடு பார்க்க நேர்ந்தது. புதுக்கட்டடம்; அழகிய கொட்டகை. உரிமையாளரின் இசைவு பெற்று, எங்கள் வண்டியையே உள்ளே செலுத்தினேன். "சேர் வீடு வாங்க வந்தவரா, கார் ஓடிப் பழக வந்தவரா?" என்று தரகர் நகைத்தார். இயந்திரத்தை நிறுத்தி நான் வலப்பக்கமாக இறங்கினேன். என் மனைவி இடப்பக்கக் கதவைத் திறந்தார். அது பாதி திறந்ததும் சுவரிலே தட்டி நின்றது. அவ்வீட்டை நாங்கள் வாங்கவில்லை.