வழி கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள்

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், கல்லூரி மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்லூரியின் வரலாற்றைப் பேச என்னிலும் தகுதியானவர்கள் இம்மேடையில் இருக்கிறார்கள். எனக்குச் செயற்குழு தந்த தலைப்பு சிறியது. வெளிநாட்டுப் பெருநகரங்களுக்குப் போய்வரும் நம் பெண்கள் பாதுகாப்பாக இருப்பது எப்படி என்பதே அது. நூற்றாண்டு விழாவுக்கு இது பொருந்துமா என்று முதலில் யோசித்தேன். பிறகு என் வகுப்புத் தோழிகளை எண்ணிப் பார்த்தேன். பாதிப் பேருக்கு மேல் பிள்ளைகள் லண்டனிலோ, பாரிசிலோ, ரொறன்ரோவிலோ இருக்கிறார்கள். பேரப்பிள்ளை பிறந்தால், மகன் பட்டம் பெற்றால், கலியாணம் என்றால், அறுபது வயதுக்கு மேலே முதன்முதலாக விமானம் ஏறுகிறோம். எப்படிப் போவது என்று சொல்ல முகவர்கள் இருக்கிறார்கள். போன பிறகு தெருவில் எப்படி நடப்பது என்று சொல்ல ஒருவரும் இல்லை.

என் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

2013 டிசம்பர் மாதம். மகளின் முதற் பிரசவத்துக்காக லண்டன் போயிருந்தேன். மகள் இருந்தது மேற்கே, ஈலிங் பகுதியில். ஒருநாள் பத்தியச் சரக்கு வாங்கக் கிழக்கே ஈஸ்ட்ஹாமுக்குத் தனியாகப் போனேன். மருமகன் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார். "வேலையைக் கெடுக்காதீங்க தம்பி, எனக்குப் பாதை தெரியும்" என்றேன். போகும்போது சுகமாகப் போனேன். திரும்பும்போதுதான் பிழைத்தது. டிஸ்ரிக்ட் லைன் என்ற பாதாள ரயில் ஒரே பாதையில் போவதில்லை. மேற்கே டேர்ன்ஹம் கிறீனைத் தாண்டியதும் ஒரு கிளை ஈலிங் புரோட்வேக்கும் இன்னொரு கிளை றிச்மன்டுக்கும் பிரிகிறது. வண்டியின் நெற்றியில் எழுதியிருப்பதைப் பாராமல் ஏறிவிட்டேன். எல்லோரும் இறங்கிப் போகிறார்களே என்று பார்த்தால், றிச்மன்ட். கடைசி நிலையம்.

மாலை நாலு மணிக்கே இருண்டுவிட்டது. கைத்தொலைபேசியில் உயிர் இல்லை. மகளின் இலக்கம் அந்தத் தொலைபேசிக்குள் இருந்ததே தவிர, என் தலையில் இல்லை, கடதாசியிலும் இல்லை. ஒரு வாங்கில் இருந்தேன். இரண்டு மணித்தியாலம் இருந்தேன். அந்த நேரத்துக்குள் ஒரு பொலிஸ் உத்தியோகத்தர் இரண்டு தடவை எனக்கு முன்னால் நடந்து போனார். இரண்டு தடவையும் தலையைக் குனிந்து, கைப்பையைத் திறந்து எதையோ தேடுவதுபோல இருந்துவிட்டேன்.

கடைசியில் நிலையத்தில் வேலை செய்யும் ஒரு பெண் தானாகவே வந்து, சுகமா என்று கேட்டாள். ஈலிங் புரோட்வே என்ற பெயர் மட்டும் என் வாயில் வந்தது. சரியான வண்டியில் ஏற்றி, டேர்ன்ஹம் கிறீனில் இறங்கி மாறும்படி ஒரு துண்டில் எழுதித் தந்தாள். அரை மணித்தியாலத்துக்குச் சற்று மேலே, வீட்டில் நின்றேன். மகள் பொலிசுக்கு அறிவித்துவிட்டு, பச்சைக் குழந்தையை மடியில் வைத்து அழுதுகொண்டிருந்தாள்.

"அம்மா, ரெண்டு மணித்தியாலம் ஏன் ஒருத்தரையும் கேக்கல்ல?" என்றாள்.

"பொலிஸ்காரனக் கண்டதும் தல தானாக் குனிஞ்சிட்டு மகள்" என்றேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கும் விளங்கியது. அவளும் இங்கே வளர்ந்த பிள்ளைதானே.

சகோதரிகளே, நான் இன்று சொல்ல வந்தது இவ்வளவுதான். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இந்த ஊரில் பிள்ளை வளர்த்தவர்களுக்குப் பாதுகாப்புப் பற்றி ஒருவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. சோதனைச் சாவடியில் எப்படி நிற்பது, சுற்றிவளைப்பு நாளில் எப்படி வீட்டுக்குள் இருப்பது, சீருடையைக் கண்டால் கண்ணைத் தாழ்த்துவது, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது, அந்நியரோடு கதையாதிருப்பது எல்லாம் எமக்குத் தெரியும். அந்தப் பழக்கங்கள் எம்மைக் காப்பாற்றின. அவற்றை நான் குறை சொல்லவில்லை. ஆனால் விமானத்தில் அவற்றையும் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோய்விடுகிறோம். பெருநகரத்திலே வாய் திறவாதவளைக் காப்பாற்ற யாராலும் முடியாது. அங்கே கேட்பவளுக்குத்தான் பாதுகாப்பு.

யாரைக் கேட்பது? நிலைய ஊழியர், பஸ் சாரதி, கடையில் கல்லாவில் நிற்பவர், பிள்ளையோடு போகும் தாய், பொலிஸ். லண்டன் பாதாள ரயில் நிலையங்களின் மேடைகளில் உதவிப் பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் ஒருவர் கதைப்பார். தானாக வந்து ஒட்டிக்கொண்டு உதவ முற்படும் ஒருவரைவிட, நீங்கள் தெரிந்தெடுத்துக் கேட்கும் ஒருவர் பெரும்பாலும் நல்லவராகவே இருப்பார். ரொறன்ரோவில் இரவு 9 மணியிலிருந்து காலை 5 மணி வரை, பஸ்ஸில் தனியாகப் பயணிப்பவர் கேட்டால், இரு தரிப்பிடங்களுக்கு இடையிலும் சாரதி நிறுத்தி இறக்கிவிடுவார். பெண்களுக்கென்று தொடங்கிய ஏற்பாடு. இப்போது எல்லோருக்கும் உண்டு. ஆனால் கேட்டால்தான் நிறுத்துவார்.

இலக்கங்களைப் பாடமாக்குங்கள். இங்கே பொலிசுக்கு 119, அம்புலன்ஸுக்கு 1990 என்று வைத்திருக்கிறோம். பிரித்தானியாவில் உயிராபத்துக்கு 999. அவசரமில்லாத பொலிஸ் விடயத்துக்கு 101, வைத்திய ஆலோசனைக்கு 111. பிரான்சில் 112, ஐரோப்பா எங்கும் அந்த இலக்கம் வேலை செய்யும். கனடாவில் 911. ஆங்கிலம் வராவிட்டால் தொலைபேசியை வைத்துவிடாதீர்கள். "டமில்" என்று ஒரு சொல் சொல்லிக் காத்திருந்தால் மொழிபெயர்ப்பாளரைத் தேடி இணைப்பார்கள்.

அடுத்தது, கடதாசி. ஒரு சிறு அட்டையில் ஆங்கிலத்தில் எழுதுங்கள்: உங்கள் பெயர், தங்கியிருக்கும் முகவரி அதன் அஞ்சற் குறியீட்டோடு, இருவரின் தொலைபேசி இலக்கம், குடிக்கும் மருந்துகளின் பெயர், ஒவ்வாத மருந்து. ஒன்று கைப்பையில், இன்னொன்று உடுப்பில். பை களவு போனாலும் அட்டை உங்களோடு இருக்க வேண்டும். அடையாள அட்டை இல்லாமல் படலையைத் தாண்டாத எமக்கு ஒரு புதினம்: பிரித்தானியாவில் தெருவில் போகும்போது அடையாளப் பத்திரம் கொண்டுபோக வேண்டும் என்று சட்டமில்லை. கடவுச்சீட்டை வீட்டில் பத்திரமாக வைத்து, பிரதியைக் கொண்டுபோகலாம். பிரான்ஸ் அப்படியல்ல. அங்கே பொலிஸ் கேட்டால் வெளிநாட்டவர் பத்திரம் காட்ட வேண்டும். போகும் நாட்டின் முறையைப் பிள்ளையிடம் முதல் நாளே கேட்டு அறியுங்கள்.

மூன்றாவது, தங்கம். தாலிக்கொடியைக் கழற்றச் சொல்லி நான் கேட்கப்போவதில்லை. கேட்டாலும் நீங்கள் கழற்றப் போவதில்லை. ஆனால் கழுத்துச் சால்வைக்குள்ளே, மேற்சட்டைக்குள்ளே இருக்கட்டும். ஆசியப் பெண்கள் தங்கம் அணிவார்கள், வீட்டிலும் வைத்திருப்பார்கள் என்பது திருடருக்கும் தெரிந்த விடயம். பாரிசில் நம்மவர்களின் கடைகள் நிறைந்த லாச்சப்பல், கார் து நோர் என்ற பெரிய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்நிலையம் பைக் கள்வருக்குப் பேர்போனது. யாராவது கையெழுத்து வேண்டுமென்று ஒரு தாளை நீட்டினால் நிற்காதீர்கள். நீங்கள் தாளைப் பார்க்கும்போது இன்னொரு கை பைக்குள் இருக்கும். இன்னொரு வித்தையும் அங்கே உண்டு. உங்கள் காலடியிலிருந்து ஒருவர் மோதிரம் ஒன்றை எடுத்து, "உங்களுடையதா?" என்று கேட்பார். பிறகு, நீங்களே வைத்திருங்கள், எனக்குச் சாப்பாட்டுக்கு ஏதும் தாருங்கள் என்பார். பொன்னை உரைக்காமலே தரம் சொல்லும் மட்டக்களப்புப் பெண்ணிடம் பித்தளை விற்கப் பார்க்கிறார்! சிரித்துக்கொண்டு நடவுங்கள்.

லண்டனில் இப்போது பெரிய தொல்லை கைத்தொலைபேசிப் பறிப்பு. மின்சைக்கிளில் வந்து நடைபாதையோரத்தில் நிற்பவரின் கையிலிருந்து பறித்துக்கொண்டு போய்விடுவார்கள். தொலைபேசி பார்க்க வேண்டுமென்றால் தெரு ஓரத்தை விட்டு விலகி, சுவரோடு நின்று, அல்லது ஒரு கடைக்குள்ளே போய்ப் பாருங்கள்.

நாலாவது, தெரு கடப்பது. கள்வரைப் பற்றி எல்லோரும் பயப்படுகிறோம். வாகனத்தைப் பற்றி யோசிப்பதில்லை. இலங்கையிலும் பிரித்தானியாவிலும் வாகனம் இடப்பக்கமாக ஓடுகிறது. முதலில் வலப்பக்கம் பார்க்கிறோம். பிரான்சிலும் கனடாவிலும் வாகனம் வலப்பக்கமாக ஓடுகிறது. அங்கே முதலில் வருவது இடப்பக்கத்திலிருந்து. அறுபது வருடப் பழக்கத்தில் கழுத்து வலப்பக்கம் திரும்பும், கால் இறங்கிவிடும். இரு பக்கமும் பார்த்து, பாதசாரிகளின் விளக்கு வந்த பிறகே இறங்குங்கள்.

ஐந்தாவது, டாக்ஸி. விமான நிலைய வாசலில் வந்து "டாக்ஸி, டாக்ஸி" என்று கூப்பிடுபவரோடு போகாதீர்கள். லண்டனில் தெருவில் மறித்து ஏறக்கூடியது உரிமம் பெற்ற கறுப்பு டாக்ஸி மட்டுமே. மற்ற வாடகைக் கார்களை முன்கூட்டியே பதிய வேண்டும். பிள்ளை பதிந்த காரின் இலக்கத்தைப் பார்த்து, சாரதி உங்கள் பெயரைச் சொன்ன பிறகே ஏறுங்கள்.

ஆறாவது, தொலைபேசி மோசடி. பகலில் பிள்ளைகள் வேலைக்குப் போனபின் வீட்டில் நீங்கள் தனியாக இருப்பீர்கள். பொலிஸ் என்றோ, குடிவரவுத் திணைக்களம் என்றோ சொல்லி ஒரு குரல் வரும். வீசாவில் பிழை இருக்கிறது, இப்போதே பணம் கட்டாவிட்டால் கைது செய்வோம் என்று வெருட்டும். அதிகாரியின் குரல் கேட்டதும் எமக்கு நெஞ்சு படபடக்கும். அந்தக் குரலுக்கு வேண்டியதும் அதுதான். எந்த அரசாங்கமும் தொலைபேசியில் வெருட்டிப் பரிசு அட்டை வாங்கச் சொல்வதில்லை. வைத்துவிட்டுப் பிள்ளைக்கு எடுங்கள். ஏமாந்துவிட்டாலும் அன்றே சொல்லுங்கள். வெட்கத்தில் மறைத்தால் அவன் நாளைக்கும் எடுப்பான்.

இனி, மனம் நொந்து சொல்லும் ஒன்று. பிள்ளைக்குச் செலவு வரும் என்று நெஞ்சு நோவை மறைக்கும் தாய்மார் எம்மிடையே இருக்கிறார்கள். வாயுவாக இருக்கும் என்று இஞ்சித் தேத்தண்ணி குடித்துவிட்டுப் படுக்கிறார்கள். பிரித்தானியாவில் அவசர சிகிச்சைப் பிரிவில் பார்ப்பதற்குப் பார்வையாளரிடமும் பணம் கேட்பதில்லை. வார்ட்டில் அனுமதித்தால்தான் கட்டணம் வரும். அது பெரிய தொகைதான். அதனால்தான் புறப்படும் முன் பயணக் காப்புறுதி எடுங்கள், இருக்கும் நோயை மறையாமல் எழுதி எடுங்கள் என்கிறேன். கனடாவில் பெற்றோருக்கான சுப்பர் வீசாவுக்கு ஆகக் குறைந்தது 100,000 டொலர் மருத்துவக் காப்புறுதி கட்டாயம். காப்புறுதி இருந்தாலும் இல்லாவிட்டாலும், நெஞ்சு நோவு வந்தால் முதலில் சொல்லுங்கள். கணக்கை மறுகா பார்க்கலாம்.

எல்லாப் பழக்கத்தையும் விடச் சொல்லவில்லை. சில பழக்கங்களைக் கட்டாயம் கொண்டுபோங்கள். மண்முனைப் பாலம் 2014இல் திறக்கும்வரை, படுவான்கரைக்குப் போய்வந்தவர்கள் வாவியைப் பாதையில், அதாவது மிதவைப் படகில், கடந்தார்கள். கடைசிப் பாதை எத்தனை மணிக்கு என்று கேளாமல் யாராவது அக்கரை போனார்களா? அதேபோலக் கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டுப் போங்கள். "போயிட்டு வாறன்" என்று சொல்லாமல் வீட்டை விட்டு இறங்க மாட்டோம். அங்கேயும் எங்கே போகிறேன், எப்போது வருவேன் என்று சொல்லிவிட்டே இறங்குங்கள்.

வெளிநாட்டில் வாழும் தங்கைமாரிடமும் ஒரு வேண்டுகோள். அம்மா வந்தால் முதல் மூன்று நாட்களும் அவரைக் காரில் ஏற்றிக் கோவிலும் கடையும் காட்டாதீர்கள். கையைப் பிடித்து நடந்து, பஸ் தரிப்பிடத்தைக் காட்டுங்கள். நான்காம் நாள் அவர் முன்னே போக நீங்கள் பின்னே போங்கள். வழிதவறி வந்தால் ஏச வேண்டாம். ஏச்சுக்குப் பயந்தால் அடுத்தமுறை சொல்லமாட்டார். அவர் ஏன் கேட்கவில்லை என்பதற்குக் காரணம் உங்களுக்கும் தெரியும்.

சங்கத்துக்கும் ஒரு யோசனை. பல நாடுகளிலும் எம் பழைய மாணவியர் இருக்கிறார்கள். ஒவ்வொரு நகரத்திலும் ஒருவரோ இருவரோ, புதிதாய் வரும் தாய்க்கோ படிக்க வரும் பிள்ளைக்கோ தொலைபேசி எடுத்து விசாரிக்க முன்வந்தால், புறப்படும் நாளில் அந்த இலக்கத்தைக் கையில் கொடுத்து அனுப்பலாம். "எந்த வருஷம் படிச்சீங்க?" என்று தொடங்கினால் மிச்சக் கதை தானாக வரும்.

றிச்மன்டில் அந்தப் பெண் எழுதித் தந்த துண்டு இன்னும் என் பைபிளுக்குள் இருக்கிறது. அவளின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. அடுத்த முறை 2017இல் லண்டன் போனபோது, ஹீத்ரோவில் இறங்கியதும் எனக்கு முன்னால் நின்ற பொலிஸ் உத்தியோகத்தரிடம் போய் வழி கேட்டேன். வழி எனக்குத் தெரியும். மருமகன் வெளியே காத்துக்கொண்டு நின்றார். ஆனாலும் கேட்டுப் பார்த்தேன். கை கொஞ்சம் நடுங்கியது. அவர் சிரித்துக்கொண்டு வழி காட்டினார்.