பட்டினி போட்டால் பூக்கும் செடி

(கொல்கத்தா, கரியாஹாட்டில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நம் கூட்டங்களில் ஆரோக்கியம், ஆன்மிகம், சேமிப்பு ஆகிய மூன்றில் ஒன்றைப் பற்றிப் பேசுவதுதான் வழக்கம். இந்தத் தடவை ஆர்க்கிட் செடிகளைப் பற்றிப் பேசும்படி செயலாளர் சொல்லிவிட்டார். போன பங்குனியில் அவர் என் அகத்துக்கு வந்திருந்தார். மூன்றாவது மாடி; தென்கிழக்கு பார்த்த பால்கனி, எட்டடிக்கு நாலடி. அங்கே காய்ந்த சுள்ளி மாதிரி தண்டுகள் தொங்குகின்றன. ஒரு இலை கிடையாது. ஆனால் கணுவுக்குக் கணு வெளிர் ரோஜா நிறத்தில் பூக்கள். "செத்த செடியில் எப்படி சார் பூ?" என்று கேட்டார்.

நான் பி.எஸ்ஸி. ரசாயனம் படித்துவிட்டு மத்திய அரசில் ஃபைல் பார்த்தவன். தாவரவியல் பண்டிதன் அல்ல. ஆனாலும் அந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும்.

அந்தச் செடியின் பெயர் டென்ட்ரோபியம் அஃபில்லம். 'அஃபில்லம்' என்றால் இலை இல்லாதது. பெயரை வைத்தவர் வில்லியம் ராக்ஸ்பரோ. நம் கோரமண்டல் கரையில் பல வருஷம் இருந்து செடிகளை ஆராய்ந்தவர். 1793-ல் இங்கே ஷிப்பூர் தாவரத் தோட்டத்தின் பொறுப்புக்கு வந்தார். கோரமண்டல் கரைச் செடிகளைப் பற்றி 1795 முதல் வெளிவந்த அவருடைய பெரிய நூலில் இந்தச் செடி படத்துடன் இருக்கிறது. ஆக, அங்கிருந்து இங்கு வந்து குடியேறிய நம்மைப் போலத்தான் அவரும். இலையை உதிர்த்துவிட்டுப் பூப்பது இதன் ஸ்வபாவம். வளர்க்கும் முறையே பெயரில் அடங்கியிருக்கிறது.

மரத்தின் மேல் இதைப் பார்ப்பவர்கள் புல்லுருவி என்று நினைத்துப் பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள். அது தவறு. புல்லுருவி மரத்தின் சாற்றை உறிஞ்சுவது. ஆர்க்கிட் மரத்தில் உட்காருவதோடு சரி. மழையிலிருந்தும் காற்றிலிருந்தும் மரப்பட்டையில் தேங்கும் மக்கிலிருந்தும் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். இந்தியாவில் உள்ள ஆர்க்கிட்கள் 1,250 வகைகளுக்கு மேல். அவற்றில் பாதிக்கும் அதிகமானவை இப்படி மரத்தில் குடியிருப்பவை. வாண்டா என்ற பேரினப் பெயரே நம் நாட்டுச் சொல். கொல்கத்தாவில் நீதிபதியாக இருந்த சர் வில்லியம் ஜோன்ஸ் எழுதிய குறிப்பு மூலம் அது 1795-ல் அச்சில் ஏறியது. இங்குள்ள வங்காள வைத்தியர்கள் அந்த வாண்டா வேரைத்தான் 'ராஸ்னா' என்கிறார்கள். பாலக்காட்டுக்காரர்கள் உடனே ராஸ்னாதிப் பொடியை நினைப்பார்கள்! ஆனால் தெற்கே ராஸ்னா என்று சேர்ப்பது அரத்தை வகை. பெயர் ஒன்று, வேர் வேறு.

இப்போது செயலாளரின் கேள்விக்கு வருகிறேன். இந்த டென்ட்ரோபியம் மழைக்காலத்தில் வேகமாக வளர்ந்து, தண்டில் தண்ணீரையும் சத்தையும் சேர்த்து வைத்துக்கொள்கிறது. அதன் சொந்தக் காட்டில் மழை நின்றதும் நாலு மாதம் வறட்சி. அப்போது இலை உதிர்ந்துவிடும். அந்த வறட்சியும் இரவுக் குளிரும் சேர்ந்துதான் கணுவில் இருக்கும் மொட்டை எழுப்புகின்றன. நாம் பாவம் பார்த்து மார்கழியிலும் தினம் ஒரு செம்பு தண்ணீர் விட்டோமானால், பூ வரவேண்டிய கணுவில் பூ வராது, குட்டிச் செடி முளைக்கும். "எவ்வளவோ கவனித்தும் பூக்கவில்லை" என்று சொல்பவர்கள் அகத்தில் நடப்பது பெரும்பாலும் இதுதான்.

என் கணக்கு பண்டிகைக் கணக்கு. நவராத்திரி வரை வாரம் ஒரு முறை உரம்: என்.பி.கே. 20-20-20, லிட்டருக்கு அரை கிராம், அதற்கு மேல் வேண்டாம். தீபாவளியோடு உரம் நிறுத்தம், தண்ணீர் பாதி. திருக்கார்த்திகைக்குப் பிறகு தண்ணீரும் நிறுத்தம். தண்டு மிகவும் சுருங்கினால் மட்டும் வாரம் ஒரு நாள் காலையில் லேசாகத் தெளிக்கலாம். வெயில் மட்டும் நன்றாக வேண்டும். கொல்கத்தாவில் மார்கழி, தை இரவுகள் 12, 13 டிகிரிக்கு இறங்கும். அது நமக்கு மஃப்ளர், அதற்கு மருந்து. சிவராத்திரி சுமாருக்குக் கணுக்கள் பருக்கும், பங்குனியில் பூ. பூத்து முடிந்து, அடியில் புதுக் குருத்து வந்து, அதற்கு வேர் விட்ட பிறகே மறுபடி தாராளமாகத் தண்ணீர். சித்திரையில் கால்பைசாகி புயல் வரும் சாயங்காலங்களில் தொங்குவதையெல்லாம் இறக்கிவைத்துவிட வேண்டும்.

சென்னையில் இருக்கும் உறுப்பினர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே ஐப்பசி, கார்த்திகையில்தான் அடைமழை. செடியைக் கூரைக்கு அடியில் நகர்த்தினால்தான் பட்டினி போட முடியும். தில்லியில் மே மாத அனல் காற்றையும் ஜனவரிக் குளிரையும் இரண்டையுமே தடுத்தாக வேண்டும், அது பெரும்பாடு.

எப்போது தண்ணீர் விடுவது என்பதை மற்ற மாதங்களில் வேரே சொல்லும். ஆர்க்கிட் வேரைச் சுற்றி ஸ்பாஞ்சு போன்ற செத்த செல்களின் உறை இருக்கிறது. காய்ந்திருந்தால் வெள்ளி நிறம், நனைந்தால் பச்சை. வெள்ளியாக இருந்தால் விடுங்கள், பச்சையாக இருந்தால் சும்மா இருங்கள். காலையில் விடுவது நல்லது. இரவில் குருத்தில் தண்ணீர் நின்றால் அழுகும். இங்கே கார்ப்பரேஷன் குழாய்த் தண்ணீர் ஆற்றுத் தண்ணீர், பரவாயில்லை. ஆழ்குழாய்த் தண்ணீரில் உப்பு ஜாஸ்தி. மழைத் தண்ணீர் பிடித்து வைத்தால் உத்தமம். அரிசி களைந்த ஜலம் விடலாமா என்று மாமிகள் கேட்பார்கள்: கறிவேப்பிலைக்கு விடுங்கள், இதற்கு வேண்டாம். தொட்டியில் மண்ணே கூடாது. அடுப்புக்கரியும் ஓட்டுத் துண்டும் போதும். லேக் மார்க்கெட்டில் தேங்காய் வாங்கும் நமக்கு மட்டைக்குப் பஞ்சமில்லை. ஆனால் இங்கத்திய மழையில் அது இரண்டு வருஷத்தில் மக்கிவிடுகிறது. அஃபில்லத்தை ஒரு மாங்கட்டையில் கட்டித் தொங்கவிடுவதே சிரேஷ்டம். வெட்டிய இடத்தில் லவங்கப்பட்டைத் தூள் தடவினால் பூஞ்சை வராது.

இன்னொரு செடி, ரிங்கோஸ்டைலிஸ் ரெட்டூசா. அஸ்ஸாமில் 'கபௌ ஃபூல்' என்பார்கள். பிஹுவின்போது பெண்கள் கொண்டையில் சூடுவது. அந்த மாநிலத்தின் மலரும் அதுவே. நரிவால் போல ஒரே கொத்தில் நூறு பூக்களுக்கு மேல் வரும். இது அஃபில்லம் போல முழுப் பட்டினி தாங்காது, தண்ணீரைக் குறைக்கலாம், அவ்வளவுதான். வேரைத் தொடக் கூடாது. என்னிடம் இருப்பதைப் பல வருஷமாக ஒரே கூடையில் வைத்திருக்கிறேன். வைகாசி தவறியதில்லை. கலிம்பாங்கிலிருந்து ஆசையாக வாங்கிவரும் சிம்பிடியம் கரியாஹாட்டில் பூக்காது. அதற்கு ஆவணி, புரட்டாசியிலேயே குளிர்ந்த இரவு வேண்டும். நமக்கு அப்போது மின்விசிறி போதவில்லை.

வாங்கும் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகப் பேச அனுமதியுங்கள். ஞாயிற்றுக்கிழமைச் சந்தை ஒன்றில் ஒருவர் என்னிடம் நீல வாண்டா கொத்து ஒன்றை 400 ரூபாய்க்கு நீட்டினார். வேரில் மரப்பட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. பாதி வேர் அறுந்திருந்தது. இலையில் பூச்சி கடித்த பழைய தழும்புகள். காட்டிலிருந்து பிய்த்தெடுத்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். 1850-ல் காசி மலைகளில் ஜோசப் ஹூக்கர் இதே நீல வாண்டாவை லண்டன் கியூ தோட்டத்துக்காக ஏழு ஆள் சுமை எடுத்தார். உயிரோடு போய்ச் சேர்ந்தவை சொற்பம் என்று அவரே எழுதியிருக்கிறார். சந்தையில் வாங்கும் காட்டுச் செடியின் கதியும் பெரும்பாலும் அதுவே.

நீல வாண்டா, சிவப்பு வாண்டா, காலணி ஆர்க்கிட்கள் ஆகியவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991 திருத்தத்தின் மூலம் சேர்ந்தவை. 2022 திருத்தத்துக்குப் பிறகு மூன்றாம் அட்டவணையில் இருக்கின்றன. உரிமம் இல்லாமல் பறிப்பது, விற்பது மட்டுமல்ல, வளர்ப்பதும் குற்றம். தென்னிந்தியாவுக்கே உரிய ஒரே காலணி ஆர்க்கிட் நம் அகஸ்தியர் மலைப் பக்கம் இருக்கிறது, பாஃபியோபெடிலம் ட்ரூரி. சேகரிப்பவர்களின் ஆசை அதை அழிவின் விளிம்புக்குக் கொண்டுபோய்விட்டது. ரிடையரான பிறகு சட்டம் பேசுகிறான் என்று நினைக்காதீர்கள். வாங்குகிறவர் இல்லாவிட்டால் மரம் ஏறுகிறவரும் இல்லை.

வழி இல்லாமலும் இல்லை. ஆர்க்கிட் விதை தூசி மாதிரி; உள்ளே உணவுச் சேமிப்பு கிடையாது. காட்டில் ஒரு பூஞ்சை உணவூட்டினால்தான் முளைக்கும். இதை 1899-ல் நோயல் பெர்னார் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்தார். பூஞ்சைக்குப் பதில் சர்க்கரை கலந்த அகாரில் முளைக்க வைக்கலாம் என்று அமெரிக்காவில் லூயிஸ் நட்ஸன் 1922-ல் காட்டினார். ஒரே காயிலிருந்து ஆயிரக்கணக்கில் புட்டிச் செடிகள் வந்தது அதனால்தான். நீல நிறம் வேண்டுமானால், நீல வாண்டாவையும் பிலிப்பைன்ஸ் வாண்டாவையும் சேர்த்து உண்டாக்கிய ரோத்ஸ்சைல்டியானாவை நர்சரியில் பில்லோடு வாங்குங்கள். நம் வெக்கையை மூலச் செடியைவிட நன்றாகத் தாங்கும்.

கடைசியாக, நம் வயதுக்காரர்கள் தவறாமல் கேட்பது: "பிள்ளையிடம் அமெரிக்கா போனால் செடி என்ன ஆகும்?" வாண்டாவுக்குத் தினம் ஒரு ஆள் வேண்டும். அஃபில்லத்துக்கு வேண்டாம். கார்த்திகை கடைசியில் கிளம்பி மாசியில் திரும்பினால், நீங்கள் இல்லாததே அதற்கு உபகாரம். குளிர்காலத்தில் அங்கே போய் என்ன செய்வது என்றால், அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பூத்து ஓய்ந்த தண்டுகளை நறுக்கி ஈரப் பாசியில் படுக்கவைத்ததில் பத்துப் பன்னிரண்டு கன்றுகள் வேர்விட்டிருக்கின்றன. வேண்டுவோர் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். ஆனி மாதம் தருகிறேன். வரும்போது ஒரு அடி நீள மாங்கட்டையும் கொஞ்சம் சணல் கயிறும் கொண்டுவாருங்கள், அங்கேயே கட்டிக் கொடுத்துவிடுகிறேன்.